கறுப்புக் குடையில் ஒரு பட்டாளம்

தாஜுதீன் கடையில் அந்த வாரம் சாமிகளுக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை. முருகன், லட்சுமி, மாதா, பிள்ளையார் எல்லோரும் வெறும் காகிதமாகச் சுவரோரம் சாய்ந்து காத்திருந்தார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. முணுமுணுத்தது அரசாங்க ஆபீஸிலிருந்து வந்த பியூன்தான்.

“பாய், பதினாறாம் தேதி விழா. ஞாபகம் இருக்குதா?”

“இருக்குது, இருக்குது.”

“ஆபீஸ்ல எத்தினி மேசை இருக்குதோ அத்தினி தலைவர் படம் வேணும். ஒரு மேசைகூட சும்மா இருக்கக் கூடாதுன்னு ஐயா சொல்லிட்டாரு.”

“மேசையில ஆளுங்க இருப்பாங்களா?” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

பியூன் எட்டிப் பார்த்தார். குரலுக்குச் சொந்தக்காரி தாஜுதீனின் மகள் ஹாஜிரா. வயது பத்து.

“அது எனக்குத் தெரியாது பாப்பா. படம் இருக்கும்,” என்று சொல்லிவிட்டுப் பியூன் போனார்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் வருஷம், ஆகஸ்ட் மாதம். பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை விட்டுப் போய் ஏறக்குறைய எட்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் காகித வேலையெல்லாம் முடிந்து, புதுச்சேரி முறைப்படி இந்தியாவோடு சேரப்போவது அந்தப் பதினாறாம் தேதிதான். ஊர் முழுக்க வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அசையாமல் நின்றால் தனக்கும் அடித்துவிடுவார்களோ என்று ஒரு கழுதை நடந்துகொண்டே இருந்தது.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னக் கடையில் படங்களுக்குச் சட்டமும் கண்ணாடியும் போடுவது தாஜுதீனின் தொழில். மெட்ராஸிலிருந்து வரவேண்டிய கண்ணாடி வரவில்லை. நல்லவேளையாக, எப்போதோ மூடிப்போன ஒரு போட்டோ ஸ்டூடியோவை இடித்தபோது ஒரு மரப்பெட்டி விலைக்கு வந்தது. பெட்டி நிறையக் கண்ணாடித் தகடுகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் காகிதம் வைத்து, ஒரு கீறல் இல்லாமல் அடுக்கியிருந்தார்கள். மேலே கறுப்பாக ஏதோ படிந்திருந்தது. அவ்வளவுதான்.

“கழுவினா சரியாப் போயிடும்,” என்றார் தாஜுதீன்.

கழுவுகிற வேலை ஹாஜிராவுக்கு வந்தது. வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, தகட்டை ஊறப்போட வேண்டும். பிறகு தேங்காய் நாரால் தேய்த்தால், காய்ந்த பாலாடை மாதிரி அந்தக் கறுப்புத் தோல் உரிந்து வரும். கீழே பளபளவென்று நல்ல கண்ணாடி. சோடாத் தண்ணீர் அவள் விரல் நுனிகளையும் உரித்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலையைப் பிடுங்கிக்கொண்டு பாடப் புத்தகத்தைக் கொடுத்துவிடுவார்கள்.

ஒரு அடுக்கு கழுவி முடித்தாகிவிட்டது. அடுத்த தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோதுதான் அவள் அலறினாள்.

“அத்தா! பேய்!”

தகட்டுக்குள் ஒரு ஆள் நின்றிருந்தான். முகம் கரிக்கட்டை. தலைமுடி வெள்ளை வெளேர். கண்ணுக்குள் இருக்கவேண்டிய கறுப்பெல்லாம் வெள்ளை.

தாஜுதீன் வந்து பார்த்தார். “பேய் இல்லம்மா. போட்டோ. அந்தக் காலத்துல கண்ணாடியிலதான் எடுப்பாங்க. இதுல எல்லாம் தலைகீழா இருக்கும், வெளுப்பு கறுப்பா, கறுப்பு வெளுப்பா. இதை வச்சித்தான் காகிதத்துல நெசமான படம் போடுவாங்க.”

“அப்போ இது யாரு?”

“யாருக்குத் தெரியும்? பழசு. கழுவு.”

ஹாஜிரா தகட்டைச் சோடாத் தண்ணீருக்கு மேலே பிடித்தாள். அப்போது வாசலில் மீன் வாசனை வந்தது. வாசனைக்குப் பின்னால் ஆதிலட்சுமி வந்தாள்.

ஆதிலட்சுமிக்கு முப்பத்துச் சொச்சம் வயது. வடக்கே எல்லையில் இருக்கிற கனகசெட்டிக்குளம் அவள் ஊர். தினமும் அங்கிருந்து கூடையோடு பஸ் ஏறி வந்து பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பாள். இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு பதக்கம், பச்சை நாடாவோடு.

“பாய், இதைச் சட்டத்துல வச்சிக் குடுங்க. மாலை போடற மாதிரி இருக்கணும்.”

“பதக்கத்துக்கா மாலை?”

“எங்க அண்ணனுது. வடிவேலுன்னு பேரு. பிரெஞ்சுக்காரன் சண்டைக்குக் கூப்பிட்டான்னு போச்சு. அப்ப எனக்குப் பன்னண்டு வயசு. கடல்லயே பொறந்து வளந்தது, எங்கயோ ஆப்பிரிக்கா பக்கம் மணல் காட்டுல செத்துப்போச்சாம். இதுதான் வந்துச்சு.”

“போட்டோ இல்லையா?”

ஆதிலட்சுமி சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

“எடுத்தாங்களே. கப்பல் ஏறப்போறவங்க எல்லாரையும் நிக்க வச்சி எடுத்தாங்களாம். ஸ்டூடியோவுல வந்து வாங்கிக்கங்கன்னு சொல்லிட்டுத்தான் அது போச்சு. எங்கம்மா போவவே வாணாம்னுட்டாங்க. எங்க ஊர்ல செத்தவங்க படத்தைத்தான் சுவத்துல மாட்டுவாங்க. ‘உசுரோட இருக்கற புள்ளைக்கு எதுக்குடி படம்? அது கடையிலயே கெடக்கட்டும், எம்புள்ள நல்லா இருப்பான்’னாங்க.”

“மத்தவங்க?”

“எல்லா வூட்லயும் இதேதான். ஒருத்தரும் போயி வாங்கல. அப்புறம் சேதி வந்துச்சு. ஓடிப்போயி பாத்தா ஸ்டூடியோ பூட்டிக் கெடக்குது.” பதக்கத்தை மேசைமேல் வைத்தாள். “ஆச்சு, இருவது வருசத்துக்கு மேல. ஞாயித்துக்கெழமை வர்றேன் பாய். கொக்கி கெட்டியா போடுங்க.”

அவள் போய்விட்டாள். ஹாஜிராவின் கையில் தகடு அப்படியே இருந்தது. அதன் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு சோடாத் தண்ணீர் விழுந்தது.

அவள் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கரிக்கட்டை முகம். வெள்ளை முடி. போட்டிருப்பது கோட்டு. பட்டாளத்துக் கோட்டு.

பெட்டியிலிருந்து அடுத்ததை எடுத்தாள். அதிலும் கோட்டு. அதற்கடுத்ததிலும் கோட்டு.

“அத்தா,” என்றாள். தகட்டைப் பெட்டிமேல் மெதுவாக வைத்தாள். “அத்தா, நான் கழுவினதெல்லாம் ஆளுங்க.”

தாஜுதீன் தகட்டைப் பார்த்தார். மதியத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவருக்குப் பதில் தெரியாதபோதெல்லாம் தொழுகைக்கு நேரமாகிவிடும்.

அவர் திரும்பி வரும்போது தூறல். நனைந்த குடையை விரித்தபடி கடைக்குள் ஓரமாக வைத்தார். பெரிய கறுப்புக் குடை. ஹாஜிரா தகடுகளைத் தண்ணீர் படாத இடத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தாள். மேசையில் இடமில்லை. ஒன்றைக் குடைத் துணிமேல் சாய்த்து வைத்தாள்.

வைத்த கையை எடுக்கவில்லை.

பேய் போய்விட்டது. அங்கே ஒரு மனிதன் இருந்தான். கறுப்பு முடியை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். மாநிறம். சிரிக்கக் கூடாது என்று போட்டோக்காரர் சொல்லியிருக்கவேண்டும். உதட்டின் ஓரம் மட்டும் அதைக் கேட்கவில்லை.

“அத்தா, இங்க வாங்க.”

தாஜுதீன் குனிந்து பார்த்தார். தகட்டைத் தூக்கினார்: பேய். கறுப்புத் துணிமேல் வைத்தார்: மனிதன். இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்தார். பிறகு தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

“சொல்தாவைக் கூட்டியா,” என்றார்.

சொல்தா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் சக்கரபாணிதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பிரெஞ்சில் பட்டாளத்துக்காரருக்கு அதுதான் பேர். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பார். காலை முழுக்கப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, விழாவுக்கு அடிக்கிற வெள்ளை சரியில்லை என்று குறை சொல்வார்.

“இன்னாடி, யாரு செத்துட்டா, இப்படி இழுக்கற?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். குடையைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

குனிந்து, கோட்டுக்கு நேராக விரலை நீட்டினார். அவர் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான்: “என் கோட்டு.”

“இன்னாது?”

“இது என் கோட்டுடா தாஜு. பசங்களுக்கு இன்னும் உடுப்பு வரல. நான் ஒருத்தன்தான் அப்பவே கப்பரால், பசங்களுக்கு மேல ஒரு படி, அதனால எனக்கு மட்டும் கோட்டு. ஸ்டூடியோக்காரன் என் கோட்டைக் கழட்டி வாங்கிட்டு, எல்லாருக்கும் அதையே மாத்தி மாத்திப் போட்டு எடுத்தான். நான் வெறும் பனியனோட வெளிய நின்னேன். பாரு, மூணாவது பட்டன் இருக்காது.”

ஹாஜிரா ஒவ்வொரு தகடாக வைத்தாள். ஒல்லியான ஆள்மேல் கோட்டு கூடாரம் மாதிரி தொங்கியது. குண்டு ஆளின்மேல் தையல் விட்டுவிடும்போல நின்றது. எதிலும் மூன்றாவது பட்டன் இல்லை.

“கையில ஒட்டுகூட இருக்கும். என் பெஞ்சாதி போட்டது, இடது கையில...” சக்கரபாணி கண்ணைச் சுருக்கினார். ஒட்டு வலது கையில் இருந்தது. “வலதா? சரி, வயசாவுது.”

பிறகு அவர் முகங்களைப் பார்த்தார்.

“இவன் சாமிக்கண்ணு. அந்த மணல் காட்டுல ஒரு நாளைக்கு ஒரு குவளைத் தண்ணிதான். அதுல பாதிய எடுத்து மீசையக் கழுவுவான். அழுக்கு மீசையோட செத்தா வில்லியனூருக்கே கேவலம்னுவான்.”

“செத்துட்டாரா?”

“இல்ல, வந்துட்டான். வில்லியனூர்ல வெத்தலக் கடை. இப்ப மீசையே கெடையாது.”

ஹாஜிரா சிரித்தாள். சக்கரபாணியும் சிரித்தார். அடுத்த தகடு வந்ததும் சக்கரபாணி சிரிப்பை நிறுத்தினார்.

“இவன் ஷஹாபுதீன். முல்லா வீதி. பின்வாங்கச் சொன்னாங்க, லாரியில ஏறி உக்காந்துட்டான். கீழ ஒரு வெள்ளக்காரப் பையன் அடிபட்டுக் கெடந்தான், யாருன்னே தெரியாது. இவன் எறங்கி அவனைத் தன் எடத்துல ஏத்தி வுட்டான். அடுத்த லாரியில வர்றேன்னான்.”

“வந்தாரா?”

“அடுத்த லாரி வரல கண்ணு.”

வெளியே தூறல் நின்றுவிட்டிருந்தது. தாஜுதீன் குடையை மடக்கவில்லை.

ஹாஜிரா குடைமேல் முதலில் வைத்த தகடு மறுபடி வந்தது: படிய வாரிய முடி, உதட்டோரச் சிரிப்பு. ஒரு காது மட்டும் நுனியில் கிழிந்திருந்தது.

“கட்டுமரம்!” என்றார் சக்கரபாணி.

“அது பேரா?”

“நாங்க வச்ச பேரு. நெச பேரு மறந்துபோச்சு. மீன்கார ஊரு. ஒரு நாள் ராத்திரி மணல்ல வழி தவறிட்டோம். எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரே மணல். ஆபீசரு வரைபடத்தைப் பாத்துப் பாத்து அழுதுட்டாரு. இவன்தான் சொன்னான்: ‘இது கடல் மாதிரிதாங்க. கீழ பாத்தா வழி தெரியாது, மேல பாக்கணும்.’ நட்சத்திரத்தைப் பாத்துக்கினே நடந்தான். நாங்க அவ்வளவு பேரும் அவன் பின்னால. விடியும்போது நம்ம ஆளுங்க கொடி தெரிஞ்சுச்சு. அந்த நடையாலதான் இன்னிக்கு நான் இங்க உக்காந்து டீ குடிக்கறேன்.”

“அவரு வந்தாரா?”

சக்கரபாணி தன் காலைத் தடவிக்கொண்டார். “இல்ல. அது அப்புறம் ஒரு நாள்.”

ஹாஜிராவுக்கு மீன் வாசனை ஞாபகம் வந்தது. அந்தத் தகட்டை மட்டும் ஒரு கறுப்புத் துணியில் சுற்றித் தனியாக வைத்தாள்.

“அத்தா, இனிமே கழுவக் கூடாது.”

தாஜுதீன் தாடியைச் சொறிந்தார். “எனக்கும் தெரியுதும்மா. ஆனா ஆபீசுக்கு வாக்குக் குடுத்துட்டேன். பதினாறாந்தேதிக்குள்ள கண்ணாடி வேணுமே. நான் எங்க போவேன்?”

அவர் பொய் சொல்லவில்லை. ஊரில் வேறு எங்கும் கண்ணாடி இல்லை. வாக்குத் தவறினால் அடுத்த வேலை வராது. ஹாஜிரா கடைக்குள் சுற்றிப் பார்த்தாள். காகிதச் சாமிகளைப் பார்த்தாள். பிறகு எழுந்து கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் ஓடினாள்.

அம்மா நபீசா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஹாஜிரா முக்காலிமேல் ஏறிச் சுவரில் மாட்டியிருந்த மக்கா படத்தைக் கழற்றினாள்.

“ஏய்! அதை எங்க தூக்கினு போற?”

“படம் எங்கயும் போவலம்மா. கண்ணாடி மட்டும்தான் போவுது.”

“எதுக்குடி?”

ஹாஜிரா சொன்னாள். நபீசா முறத்தைக் கீழே வைத்தாள். “இரு, தூசியா இருக்குது,” என்று முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள்.

ஹாஜிரா அதைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தாள். “இதை அறுத்தா மேசைப் படத்துக்கு ரெண்டு வரும் இல்ல அத்தா?”

“வரும்.”

“எல்லா வூட்லயும் சாமி படம் இருக்குது. ஒரு கண்ணாடி கொண்டாந்தா, ஒரு ஆளைக் கூட்டினு போவட்டும்.”

தாஜுதீன் சக்கரபாணியைப் பார்த்தார். சக்கரபாணி ஏற்கெனவே எழுந்துவிட்டார். அவர் குரல் பட்டாளத்துக் குரல். மறுநாள் காலை மார்க்கெட்டில் அவர் காய்கறிப் பக்கமாக நின்று சேதி சொன்னபோது கத்தரிக்காய்க்காரர் பயந்து விலையைக் குறைத்துவிட்டார்.

அன்றே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் மாதா கண்ணாடியைக் கொண்டுவந்தார். ஒருவர் லட்சுமியின் கண்ணாடியை. ஒரு அம்மா ஜன்னலையே பெயர்த்துக்கொண்டு வந்தாள். இன்னொருவர் வீட்டில் வேறு கண்ணாடி இல்லை என்று தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டியதாயிற்று. அது இல்லாமல் அவருக்குத் தன் தம்பியைத் தெரியவில்லை.

ஹாஜிரா குடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தகடுகளை ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினாள். பார்த்தவர்கள் சிலர் அழுதார்கள். சிலர், “கோட்டைப் பாரு, கோட்டைப் பாரு,” என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டு அழுதார்கள்.

மண்ணாங்கட்டி என்று ஒரு வயதானவர் வந்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். தலைத்துண்டில் ஒரு கண்ணாடியைச் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார். எல்லாத் தகடுகளையும் பார்த்தார். பார்த்து முடித்து, “இன்னொரு தபா காட்டு தாயி,” என்றார். ஹாஜிரா இன்னொரு தடவை காட்டினாள்.

“எம்பையன் இல்ல,” என்றார்.

ஹாஜிரா தகட்டை அடுக்கில் வைத்தாள். சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது.

“தாத்தா, கொஞ்சத்தைத் தெரியாம நான் கழுவிட்டேன். அதுல இருந்திருக்கலாம்.”

அவர் அவளைப் பார்த்தார். “கழுவறப்ப மூஞ்சியப் பாத்தியா?”

“பாக்கல தாத்தா.”

அவர் கண்கள் அவள் கையில் இறங்கின. “வெரலெல்லாம் அரிச்சி வெச்சிருக்குதே சோடா. தேங்கா எண்ணெ போடு.”

எழுந்து, துண்டிலிருந்த கண்ணாடியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“தாத்தா, உங்களுக்குத்தான் ஒண்ணும்...”

“கொண்டாந்ததை எதுக்குத் திரும்பத் தூக்கினு போறது? வேற யாராவது வூட்டுப் புள்ளைக்கு ஆவட்டும்.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ஹாஜிரா அம்மாவிடம் கையை நீட்டினாள். நபீசா விரல் விரலாக எண்ணெய் தடவினாள்.

ஞாயிற்றுக்கிழமை மீன் விற்று முடித்து ஆதிலட்சுமி வந்தாள். “பாய், பதக்கம் ஆச்சா?”

“ஆதிலட்சுமியக்கா, உக்காருங்க,” என்றாள் ஹாஜிரா. கறுப்புத் துணியைப் பிரித்தாள். தகட்டைக் குடைமேல் வைத்தாள்.

ஆதிலட்சுமி குனிந்தாள். முகத்தைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள். பிறகு அவள் நிமிர்ந்தாள். முகம் வாடிவிட்டது.

“இது எங்கண்ணன் இல்ல.”

“என்னாம்மா சொல்ற?” என்று சக்கரபாணி பெஞ்சிலிருந்து கத்தினார். “மீன்கார ஊரு, கிழிஞ்ச காது!”

“நீங்க யாரு?”

“சக்கரபாணி. அவன்கூட இருந்தவன். உன்னை நான் மார்க்கெட்டுல பாத்ததே இல்லியே?”

“மீன் பக்கம் வருவீங்களா?”

“நான் சைவம்,” என்றார் சக்கரபாணி. இத்தனை வருஷமாக ஒரே மார்க்கெட்டில் இரண்டு பேரும் சந்திக்காததற்கு அவ்வளவுதான் காரணம்.

“எங்கண்ணன் காதும் கிழிஞ்சதுதான்,” என்றாள் ஆதிலட்சுமி. “மீனுக்கு வீசின தூண்டி அதோட காதுலயே மாட்டிக்கிச்சு. ஆனா அது இடது காது. இதுக்கு வலது காதுல்ல கிழிஞ்சிருக்குது.”

“ஒருவேளை மறந்திருப்ப.”

“மூஞ்சி மறந்துபோச்சுங்க. குரல் மறந்துபோச்சு. அந்தக் காது மறக்கல. கட்டுமரத்துல அதோட இடது பக்கந்தான் நான் உக்காருவேன். தெனம் பாத்த காது.” கூடையைத் தூக்கிக்கொண்டாள். “வேற யாரோ பெத்த புள்ள. பத்திரமா வையுங்க. நான் வர்றேன்.”

ஹாஜிரா தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிழிந்த வலது காது. கோட்டின் வலது கையில் ஒட்டு.

“மாமா, ஒட்டு எந்தக் கைன்னீங்க?”

“இடதுன்னு நெனச்சேன். வயசாவுது, மறந்துட்டேன்.”

“அக்கா, ஒரு நிமிசம் இருங்க!” ஹாஜிரா எழுந்தே விட்டாள். “ஒருத்தரு மறக்கலாம். ரெண்டு பேரும் ஒரே பக்கமா மறப்பாங்களா?”

தகட்டைக் கையில் எடுத்தாள். ஒரு பக்கம் மங்கல், படம் படிந்த பக்கம். மறுபக்கம் வழவழப்பு. இத்தனை நாளும், கீறல் விழக் கூடாது என்று மங்கலான பக்கத்தை மேலே வைத்தே எல்லோருக்கும் காட்டியிருந்தாள். இப்போது தகட்டைத் திருப்பி, வழவழப்பை மேலே வைத்தாள்.

குடைமேல் அதே மனிதன். கோட்டின் இடது கையில் ஒட்டு. நுனி கிழிந்த இடது காது.

“பின்பக்கமா பாத்துட்டு இருந்திருக்கோம்,” என்றாள் ஹாஜிரா.

ஆதிலட்சுமியின் கூடை தரையில் விழுந்தது. அவள் குடைக்கு இடது பக்கமாகப் போய், தரையில் உட்கார்ந்து, ஒரு விரலை நீட்டினாள். கண்ணாடியைத் தொடவில்லை. காதுக்குப் பக்கத்தில் விரல் நின்றது.

“எவ்வளவு சின்னப் பையன்!” என்றாள். “எனக்கு அண்ணன்னா பெரிய ஆளுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். என்னைவிடச் சின்னவனா இருக்கறான்.”

சக்கரபாணி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, காலை மடக்கச் சிரமப்பட்டு, அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். மணலில் வழி தவறிய ராத்திரியைச் சொன்னார். மேலே பார்த்து நடந்ததைச் சொன்னார். இந்தத் தடவை அவர் கத்தவில்லை. ஆதிலட்சுமி ஒரு வார்த்தைகூட விடாமல் கேட்டாள்.

“எங்கப்பா சொல்லிக் குடுத்தது அது, நட்சத்திரம் பாக்கறது,” என்றாள். “அங்கயும் அதே நட்சத்திரமா இருந்துச்சு?”

“அதேதாம்மா.”

தாஜுதீன் தகட்டுக்குப் பின்னால் கறுப்பு வெல்வெட்டு வைத்துச் சட்டம் அடித்தார். மரத்தைத் தேடித் தேடி நல்லதாக எடுத்தார். சட்டத்தின் அடியில் பதக்கத்துக்கும் ஒரு குழி வைத்தார். கொக்கி போட ஆணியை எடுத்தபோது ஆதிலட்சுமி தடுத்தாள்.

“கொக்கி வாணாம் பாய். எங்கம்மா இன்னும் இருக்கறாங்க. மடியில வச்சிக் காட்டறேன். எங்க வைக்கணும்னு அவங்க சொல்லட்டும்.”

தகட்டுக்குப் பதிலாக அவள் கண்ணாடி எதையும் கொண்டுவரவில்லை. அவளுக்கு அந்த ஏற்பாடே தெரியாது. ஹாஜிரா மேசைமேல் இருந்த மண்ணாங்கட்டியின் கண்ணாடியை அப்பாவின் பக்கமாக நகர்த்தினாள். தாஜுதீன் தலையசைத்தார்.

பஸ் நிற்கிற இடம்வரை ஹாஜிரா காலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். மரக்காணம் பஸ் நெரிசலாக இருந்தது. ஆதிலட்சுமி இடது பக்கத்தில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, வலது பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவரிடம் ஏதோ சொன்னாள். அவர் படத்தைப் பார்த்தார். எழுந்து இடம் கொடுத்தார். வடக்கே போகிற பஸ்ஸில் அந்தப் பக்கம்தான் கடல்.

அவள் உட்கார்ந்து, படத்தை மடியில் வைத்து, முகம் வெளியே தெரியும்படி ஜன்னல் கம்பியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“யம்மா, படத்தை உள்ள இழு!” என்றார் கண்டக்டர். “போறவர்றது இடிச்சா கண்ணாடி உடைஞ்சிடும்.”

“கெட்டியா புடிச்சிருக்கேன் சார். இவன் ஊரைப் பாத்து ரொம்ப நாளாவுது. பாத்துக்கினே வரட்டும்.”

கண்டக்டர் படத்தைப் பார்த்தார். பதக்கத்தைப் பார்த்தார். பிறகு முன்னால் திரும்பி, “அண்ணே, குழி பாத்து மெதுவா ஓட்டு!” என்று டிரைவரிடம் கத்திவிட்டு விசில் ஊதினார்.